நீங்க எதுக்கு ஓடுறீக?

எக்ஸ்ரே அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் அறையைப் போன வாரம் வந்து பார்த்தேன். ஏ.சி. ஓடுகிறது. படம் கம்ப்யூட்டரில் வந்து விழுகிறது. இருட்டறை கிடையாது, பிலிம் கழுவுகிற தொட்டி கிடையாது, வீட்டுக்குப் போனாலும் கையை விட்டுப் போகாத அந்தப் புளிச்ச வாடை கிடையாது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் மாறவே இல்லை. நோயாளியிடம் அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் ஓடியதுபோலவே நீங்களும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஓடுகிறீர்கள்.

அந்த ஓட்டத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மெஷினைப் பற்றி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். எனக்குத் தெரிந்த மெஷின்களெல்லாம் காயலான் கடைக்குப் போய் வெகு நாளாயிற்று.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் கோபக்காரன். எங்கள் ஆஸ்பத்திரியில் வழி கேட்பவர்களுக்கு நர்ஸம்மாக்கள், "நேராப் போயி வலது கைப்பக்கம் திரும்புங்க, ஒரு சிடுமூஞ்சி உக்காந்திருப்பாரு, அதான் எக்ஸ்ரே" என்று சொல்வார்களாம். எனக்கு அதில் வருத்தமில்லை. படம் பிசிறில்லாமல் வரும், வரிசை மளமளவென்று நகரும். அந்தப் பெருமையிலேயே பல வருடம் ஓட்டிவிட்டேன். வருகிறவர்களிடம் எனக்கு நாலே வாக்கியம்தான். உள்ளே வா. ஊக்கு, கொலுசு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வை. இப்படி வை. அசையாதே. சொல்லி முடித்ததும் கதவைத் தாழ் போட்டுவிட்டுச் சுவருக்குப் பின்னால் ஓடிப் பொத்தானை அமுக்குவேன். கால் ஒடிந்தவர், முதுகு பிடித்தவர், இருமிக்கொண்டு வந்தவர் எல்லோருக்கும் அதே நாலு வாக்கியம்தான். மணிக்கட்டைப் படம் எடுக்க வந்தவர் காலில் கிடக்கும் கொலுசை எதற்குக் கழற்ற வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நான் சிவகாசிப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தேன். ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் மதுரையிலிருந்து எலும்பு டாக்டர் வருவார். காலையில் வந்தால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் படங்களைப் பார்த்து, யார் யாருக்கு ஆபரேஷன் என்று பெயர் எழுதிக்கொள்வார். படம் இல்லாதவருக்குப் பெயரும் இல்லை.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் மாரிக்கனி வந்தார். முப்பது வயது இருக்கும். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் அங்கே நடந்த விபத்தில் அடிபட்டிருந்தார். வேறோர் ஊரில் தீக்காயத்துக்கு வைத்தியம் பார்த்து உயிரைக் காப்பாற்றி அனுப்பியிருந்தார்கள். பிழைப்பாரா, மாட்டாரா என்று இருந்த நேரத்தில் வலது மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது கோணலாகச் சேர்ந்து, கை திரும்பாமல் நின்றுவிட்டது. சரிசெய்து விடலாம், ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி, என்னிடம் படத்துக்கு அனுப்பியிருந்தார்.

நான் வழக்கம்போல என் நாலு வாக்கியத்தையும் சொன்னேன். அவர் ஊக்கையும் கொண்டை ஊசியையும் கழற்றி வைத்தார். கையைப் பிலிம் பெட்டியின் மேல் வைத்தார். நான் கதவைத் தாழிட்டு, அசையாதே என்று சொல்லிவிட்டு, சுவருக்குப் பின்னால் ஓடினேன். பொத்தானில் விரல் வைப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் பிலிம் பெட்டி தரையில் மூலை நெளிந்து கிடக்கிறது, அவர் இடது கையால் கதவை அறைந்துகொண்டிருக்கிறார். தாழ் இருப்பதுகூட அவர் கண்ணில் படவில்லை. நான் போய்த் திறந்துவிட்டதும் செருப்புக்கூடப் போடாமல் வாசல் மரம்வரை ஓடிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி போயிற்று, அதற்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எரிச்சலில் அவர் சீட்டில், 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் புருஷன் அந்தச் சீட்டோடு வந்தார். கருப்பசாமி என்று பெயர், ஒல்லியான மனிதர். எழுதியிருப்பது என்னவென்று கேட்டார். நானும் விறைப்பாகப் படித்துக் காட்டினேன். அவர் சண்டைக்கு வரவில்லை. சீட்டை மடித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அன்னைக்கி ரூம்ல மருந்து தரையில கொட்டிருச்சு சார். யாரும் அசையாதீக, தண்ணி கொண்டாரேன்னு சொல்லிட்டு மேஸ்திரி வெளிய ஓடுனாரு. இவ சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அசையாம நின்னா. சொல்லு கேக்காம ஓடுன ரெண்டு பேரு தப்பிச்சாக. நீங்க ஒத்துழைக்கலன்னு எழுதிருக்கீக."

மருந்து என்று அந்த ஊரில் வெடிமருந்தைச் சொல்வார்கள். அந்த மேஸ்திரி உண்மையிலேயே தண்ணீருக்குத்தான் ஓடினாரா, பயந்து ஓடினாரா என்று நான் கேட்டேன். அது யாருக்குத் தெரியும் என்று கருப்பசாமி கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு வந்த இரண்டு வாரமும் என்னுடைய நாலு வாக்கியத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊக்கு, கொலுசு, கொண்டை ஊசியைக் கழற்றச் சொல்வது பட்டாசுக் கம்பெனி வாசலில் தினமும் காலையில் நடக்கிற சோதனை. இரும்பு உரசினால் பொறி வரும் என்பதற்காக அங்கே கழற்றச் சொல்வார்கள். அசையாதே என்பது மேஸ்திரி சொன்னது. சொல்லிவிட்டு ஓடியதும் அவர்தான். நான் தெரியாமலே அந்த நாளைப் படிப்படியாக அப்படியே திரும்ப நடத்திக் காட்டியிருக்கிறேன். அதுவும் கதவைத் தாழ் போட்டுவிட்டு.

அடுத்த முறை அன்பாகப் பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். தம்பி, தங்கைகளே, இங்கேதான் என்னுடைய இரண்டாவது தப்பு. முதல் தப்பையாவது கோபக்காரன் என்று மன்னித்துவிடலாம்.

அடுத்த டாக்டர் நாள் வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, சீட்டில் என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போனால் எலும்பு இறுகிவிடும், அதற்கப்புறம் நான் கத்தி வைத்தும் பெரிய பலன் இருக்காது, இன்றைக்குப் படம் வந்தால் பெயர் எழுதுகிறேன் என்றார். மணி அப்போது பத்தரை.

மாரிக்கனி அறை வாசலில் நின்றிருந்தார். வலது கையை முந்தானையில் பொதிந்து வைத்திருந்தார். டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும். நான் அதுவரை காட்டாத முகமெல்லாம் காட்டி, "வாம்மா, உள்ள வா, பயப்படாத, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் முகம் இன்னும் இறுகிவிட்டது. அன்னைக்கி என்னதான் நடந்தது, சொன்னால் மனசு லேசாகும் என்று வேறு கேட்டு வைத்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். அன்பாகக் கேட்டால் மட்டும் ஆறாத புண்ணைக் கிளறியது இல்லையென்று ஆகிவிடுமா?

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். உண்மையில் அன்று நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான். அவரே பேசினார்.

"ஒண்ணும் ஆகாதுங்கீக. ஒண்ணும் ஆகாதுன்னா, நீங்க எதுக்கு ஓடுறீக?"

முப்பது வருட வேலையில் என்னை அப்படி மடக்கியவர் வேறு யாருமில்லை. நியாயமான கேள்வி. தினமும் நோயாளியிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போய் ஒளிந்துகொள்கிறேன். பட்டாசு வேலை பார்த்தவருக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா?

நான் உள்ளதைச் சொன்னேன். இந்த மெஷினிலிருந்து ஒரு கதிர் வரும், கண்ணுக்குத் தெரியாது, ஒரு தடவை கையில் பட்டால் உங்களுக்குப் பாதகமில்லை, ஆனால் நான் காலையிலிருந்து சாயங்காலம்வரை இங்கேயே இருக்கிறவன், ஒவ்வொரு படத்துக்கும் என்மேல் பட்டுக்கொண்டே இருந்தால் எனக்குக் கெடுதல், அதனால்தான் ஓடுகிறேன் என்றேன். அப்போது என்னை அறியாமலே 'நீ' போய் 'நீங்கள்' வந்திருந்தது. அவர் தலையை ஆட்டினார். நம்பினார் என்று சொல்ல மாட்டேன். யோசித்தார்.

அதற்கப்புறம் ஒன்று கேட்டேன். இன்றைக்கும் அதை நல்ல கேள்வி என்றுதான் நினைக்கிறேன். "நீங்க வேலை பாக்குற ரூம்ல மொதல்ல எதைப் பாப்பீங்க?"

அவர் சட்டென்று, வாசலை என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், பட்டாசு அறைக்குச் சுற்றிலும் வாசல் வைத்திருப்பார்கள். எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறக்கும். தள்ளினால் போதும், ஆள் வெளியே வந்து விழலாம். வாசலில் தண்ணீரும் மணலும் இருக்கும்.

"சரி, வந்து எங்க ரூமையும் பாருங்க. சரியில்லன்னா சொல்லுங்க" என்றேன்.

அவர் படம் எடுத்துக்கொள்ள வந்தவராக இல்லாமல், சோதனை போட வந்தவராக உள்ளே வந்தார். மேஜையை, மெஷினை, மேலே தொங்கும் ஒயரையெல்லாம் பார்த்தார். சுவருக்குப் பின்னால் போய், அங்கே வேறு வாசல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் அந்தப் பக்கமாகத் தப்பித்துப் போக முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவரை என் பக்கத்திலேயே நிற்க வைத்து, ஆளில்லாத மேஜைமேல் வெறுமனே ஒரு தடவை மெஷினை ஓட்டிக் காட்டினேன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். உர்ரென்று ஒரு சத்தம், ஒரு 'டக்', அவ்வளவுதான்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

அப்படியே எடுத்துவிடலாம் என்று நான் அவசரப்பட்டேன். அவர் கதவைக் காட்டினார். எங்கள் கதவு உள்பக்கம் திறக்கிற கதவு, அதில் ஒரு கெட்டித் தாழ் வேறு. இத்தனை வருடமாக அதைத் திறந்து மூடுகிறேன், ஒருநாளும் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்ததில்லை. "உள்ளாற இழுத்துத் தொறக்கணும். ஒரு கையிலதான எனக்குத் தெம்பு இருக்கு?" என்றார். கதவைத் திறந்து வைத்துப் படம் எடுக்கக் கூடாது, வெளியே நிற்பவர்கள்மேல் கதிர் படும். அதையும் மறைக்காமல் சொன்னேன். இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தாழ் போட வேண்டாம், கருப்பசாமி வெளியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், நீங்கள் ஒரு குரல் கொடுத்தால் அவர் தள்ளித் திறந்துவிடுவார் என்றேன். அவர் சரி என்றார். வெளியே போய்க் கருப்பசாமியிடம் அதைச் சொல்லி, கைப்பிடியைப் பிடிக்க வைத்துவிட்டு வந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். மாரிக்கனி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கண்ணில் பழைய பயம் வந்துவிட்டது. முக்கால் மணி நேரமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரு தட்டில் போயிற்று என்று எனக்கு உயிரே போய்விட்டது. மணி பதினொன்றே கால்.

வெளியே போய்ப் பார்த்தேன். தட்டியவர் ஆமத்தூர்ப் பக்கத்து சம்சாரி, நிலம் நீச்சு உள்ள பெரிய மனிதர், முதுகு வலி என்று காலையிலிருந்து வரிசையில் நின்றவர். "ஒரு கைக்கு எம்புட்டு நேரம் படம் எடுப்பீரு? நாங்கள்லாம் மனுசரு இல்லையா?" என்றார். பின்னால் இருந்த பத்துப் பேரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். வேறு நாளாக இருந்தால் நான் கொடுத்திருக்கும் பதிலில் அவர் முதுகு வலி மறந்திருக்கும். அன்றைக்கு அந்தக் கோபத்தை விழுங்கினேன். அந்தம்மாவின் கதையை ஊருக்கு முன்னால் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அதனால், "உள்ளே இருக்கவங்களுக்குச் சத்தம் ஆகாது அண்ணாச்சி. நீங்க சொன்னா இந்த வரிசை கேக்கும். கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கருப்பசாமியைப் பார்த்தார். கைப்பிடியை விடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்ததைப் பார்த்தார். வரிசைப் பக்கம் திரும்பி, முதுகு வலிக்காரர் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, "ஏலே, ஒரு பய வாயத் தொறக்கப்படாது. தள்ளி நில்லுங்கலே" என்றார். குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் அந்த நடைவழியில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

உள்ளே வந்து, தட்டியது யார், எதற்கு, இனிமேல் தட்ட மாட்டார் என்று மாரிக்கனியிடம் விவரமாகச் சொன்னேன். அவர் மூச்சு நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் தானாகவே மேஜைக்கு வந்து, கதவு கண்ணில் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் தூக்கிப் பெட்டிமேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களா அமுக்கப்படாது. நான் சொன்ன பொறவுதான்" என்றார்.

சரி என்றேன். அசையாதீர்கள் என்று வாய்வரை வந்துவிட்டது, அதை அப்படியே விழுங்கினேன். "கை அங்கனயே இருந்தா படம் தெளிவா வரும். எடுக்கணும்னு தோணுனா எடுத்துக்கிடுங்க, இன்னொரு பிலிம் இருக்கு" என்றேன். நான் சுவருக்குப் பின்னால் போவதையும் முன்கூட்டியே சொன்னேன். நடந்து போனேன். கண்ணாடியில் என் முகம் தெரிகிற மாதிரி நின்றேன்.

அவர் கண்ணை மூடவில்லை. கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். எத்தனை நேரம் என்று தெரியாது. என் விரல் பொத்தான்மேலேயே இருந்தது.

"ம்" என்றார்.

அமுக்கினேன். பக்கவாட்டில் இன்னொரு படமும் அவர் சொன்ன பிறகே எடுத்தேன். பிறகு இருட்டறைக்குள் போய் பிலிமைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இருட்டறையில் அந்த ஒரு வசதி இருந்தது, உங்களுக்கு அது இல்லை. ஈரம் காயாத படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதினார். நான் அங்கேயே அந்தப் பழைய சீட்டை வாங்கி, நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒத்துழைக்காதது யார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

திரும்பி வந்தபோது மாரிக்கனி வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கை சரியானதும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். மறுபடி வேலைக்குப் போவதைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "சோத்தப் பிசைஞ்சு என் கையால என் வாயில வைக்கணும் சார். ரெண்டு மாசமா மாமியா ஊட்டிவிடுதாக, கூச்சமா இருக்கு. அம்புட்டுதான்" என்றார்.

அந்த வாரமே கதவை மாற்றித் தரச் சொல்லி எழுதிப் போட்டேன். எக்ஸ்ரே ரூமுக்கு எதற்கு வெளிப்பக்கம் திறக்கிற கதவு என்று கேட்டுக் கேட்டே ஆறு மாதம் இழுத்தார்கள். என் கோபம் உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். தினமும் போய்ச் சண்டை போட்டு மாற்ற வைத்தேன். என்னுடைய நாலு வாக்கியமும் மாறிப்போயிற்று. யாருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் கழற்றச் சொன்னேன், ஏன் ஓடுகிறேன் என்பதைக் கேட்காமலே சொன்னேன். வரிசை கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்ந்தது. சிடுமூஞ்சி என்கிற பெயர் மட்டும் கடைசிவரை போகவில்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து, எலும்பு சேர்ந்துவிட்டதா என்று பார்க்கக் கடைசிப் படம் எடுக்க மாரிக்கனி வந்தார். கருப்பசாமி கைப்பிடியைப் பிடிக்கப் போனார். வேண்டாம், போய் டீ குடித்துவிட்டு வாங்க என்று மாரிக்கனி அவரை அனுப்பிவிட்டார். புதுக் கதவை ஒரு விரலால் வெளியே தள்ளிப் பார்த்தார், திரும்ப மூடினார். தீபாவளி முடிந்திருந்தது. இந்த வருசம் பலகாரத்தைத் தானே எடுத்துச் சாப்பிட்டதாகச் சொன்னார். விரலை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நான் ஒன்றும் சொல்லாமலே கையைச் சரியாக வைத்தார். நான் சுவருக்குப் பின்னால் போவதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சரி சார். இப்ப ஓடுங்க."

முப்பது வருடம் அந்தச் சுவருக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். சிரித்துக்கொண்டு ஓடியது அன்று ஒருநாள்தான்.